உள்பக்கம் பூட்டிய கூடாரம்

பையைத் திறந்தபோது கூடாரத்தின் துணி ஈரமாக இருந்தது.

யுவனேஷ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். சிட்னியின் கிரவீனில் ஒரு வீட்டுக் கராஜுக்குள் எட்டு மாதமாகச் சும்மா கிடந்த பை அது. டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி, வெளியே நாற்பத்தொரு பாகை வெயிலில் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையின் தார் வீதி இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. அந்தக் கராஜுக்குள் அப்பளம் வைத்தால் எண்ணெய் இல்லாமலே பொரியும் என்று வரும் வழியில் அவன் மனைவி திவ்யா சிரித்திருந்தாள். இருந்தும் துணி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். விரலை மூக்கடியில் பிடித்தான். பாசி மணம், அதற்கு அடியில் பழைய சேற்று மணம். பைக்குள் ஏதாவது தண்ணீர்ப் போத்தல் உடைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

அவன் நின்றது தான் மேற்பார்வை பார்க்கும் குளிர்க் களஞ்சியத்தின் மூன்றாம் அறையில். உறைந்த மீனும் பட்டாணியும் கூரை வரைக்கும் அடுக்கும் அறை. திங்கட்கிழமை தரை திருத்த ஆட்கள் வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். வெறும் கொங்கிரீட் தரை, வெள்ளைச் சுவர், பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை. மேலாளரிடம் கேட்டு, சாவி வாங்கி, முறைப்படிதான் வந்திருந்தான். முறை தவறினால் அவனுக்கு அன்றிரவு நித்திரை வராது.

எல்லாம் ரொறன்ரோவில் இருக்கும் திவ்யாவின் தமையன் சிறிதரனால் வந்த வினை. திவ்யாவுக்கு ஆறு மாதம். பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோவிலிருந்து மாமியைக் கூட்டி வர வேண்டும். மாமி தனியே விமானம் ஏற மாட்டார். ஜனவரியில் யுவனேஷ் போய் அழைத்து வருவதென்று முடிவானது. அந்தப் பத்து நாளுக்குள் மச்சானை உறைந்த ஏரிக்குக் கூட்டிப்போய் மீன் பிடித்தே தீருவதென்று சிறிதரன் ஒற்றைக் காலில் நின்றான்.

"நடு ஏரியில ஒரு ஓட்டை போட்டு, தூண்டிலை விட்டிட்டு, கூடாரத்துக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் மச்சான். சொர்க்கம்!"

"சொர்க்கத்துக்குப் போற வழிதான் எண்டு எனக்கும் விளங்குது," என்றான் யுவனேஷ்.

ஆழமறியாமல் காலை விடாத பரம்பரை அவனுடையது. முதலில் போக்குவரத்தைப் பேசித் தீர்த்தான். சிறிதரன் தன்னுடைய பெரிய வாகனத்தையே ஐஸுக்கு மேல் ஓட்டிப் போகலாம் என்றான். தண்ணீருக்கு மேலால் கார் ஓட்ட எனக்கு விசரோ என்று கேட்டு, கடைசியில் கையால் இழுக்கும் சறுக்கு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு நடப்பதென்று சம்மதிக்க வைத்தான். பிறகு சப்பாத்து. பிறகு விழுந்தால் மிதக்கும் சிவப்பு ஜாக்கெட். கூடாரத்தில்தான் சிக்கல். சறுக்கு வண்டியோடு சேர்த்துப் பொருத்தி, தலைக்கு மேலால் மடக்கி மூடும் வகை ஒன்று. நாலு சுவரும் தனியாக நிமிர்ந்து நிற்கும் வகை ஒன்று. இரண்டாவதுதான் வேண்டும், அதுவும் இரண்டு வாசல் உள்ளதாக வேண்டும் என்று நினைத்திருந்தான். சிட்னியில் அலைச்சறுக்குப் பலகை விற்கும் கடை தெருவுக்கு மூன்று இருக்கிறது. இதை யார் விற்பார்கள்?

கோயிலில் யாரோ சொல்லித்தான் நாகேஸ்வரி அன்ரியின் வீட்டுக்குப் போனான். அவருடைய கணவர் மகாதேவன் இருபது வருடம் கனடாவில் இருந்தவர். மகளோடு இருக்கவென்று கிரவீனுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு பனிமாரிக்கும் மீன் பிடிக்க அங்கே பறந்தவர். போன பெப்ரவரியில் போனவர் திரும்பவில்லை.

"கூடாரம் மட்டும் ஐஸுக்கு மேல நிண்டதாம் தம்பி," என்றார் அன்ரி, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு. "ஸிப் உள்பக்கத்தால பூட்டியிருந்ததாம். வெட்டித் திறந்தவையாம். உள்ளுக்குக் கதிரை இருந்தது. இவர் இல்லை. பிறகு தைச்சு அனுப்பினவை."

அந்தக் கூடாரத்துக்கு ஒரு வாசல்தான். வேண்டாம் என்று சொல்ல யுவனேஷ் வாயைத் திறந்தான். ஆனால் அன்ரி ஏற்கெனவே பையைக் கராஜிலிருந்து இழுத்து வந்து அவன் காலடியில் வைத்துவிட்டார். ஒரு வயதான மனுசி மூச்சிரைக்க இழுத்து வந்ததை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

சுவரில் மகாதேவனின் படம் இருந்தது. மாலை இல்லை, விளக்கு இல்லை. உடல் கிடைக்காததால் அன்ரி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யவில்லை, அழவுமில்லை, குங்குமமும் அழிக்கவில்லை. அவர் வருவார் என்று இருந்தார்.

வாசலுக்கு வந்ததும் அன்ரி படத்தைக் காட்டிச் சொன்னார்: "அவருக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோ தம்பி."

செத்த வீட்டில் "போட்டு வாறன்", அதாவது போய் வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. பேசாமல் எழும்பிப் போய்விடுவதுதான் வழக்கம். யாருக்குச் சொல்கிறோம், எங்கே திரும்பி வருவதாகச் சொல்கிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இது செத்த வீடு இல்லையென்று அந்த மனுசி ஒற்றைப் பிடியாக நிற்கும்போது எப்படி மறுப்பது? அவன் படத்தைப் பார்த்தான். மரியாதைக்குத் தலையைச் சற்றுத் தாழ்த்தினான்.

"அங்கிள், போட்டு வாறன்."

அன்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் படத்தின் பக்கம் திரும்பி, "கேட்டுதே? தம்பி வருவாராம்," என்றார்.

வீடு வந்து சேரும் வரைக்கும் அந்த ஒரு சொல்தான் யுவனேஷை உறுத்திக்கொண்டிருந்தது. திவ்யாவிடம் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லும் கதையா அது?

இப்போது அவள் காரை எடுத்துக்கொண்டு பெண்டில் ஹில்லுக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தாள். நாலு மணிக்கு வந்து ஏற்றுவதாகப் பேச்சு. "நீர் காருக்குள்ளயே இரும், உள்ளுக்கு வராதேயும், வயித்துப் பிள்ளைக்கு இந்தக் குளிர் கூடாது," என்று சொல்லித்தான் இறங்கினான். முன்கதவைத் திறக்கும் இரகசிய இலக்கம் அவளுக்குத் தெரியும். போன மாதம் சோற்றுப் பெட்டியை மறந்துவிட்டு வந்த அன்று அவனே சொல்லிக்கொடுத்தான்.

கூடாரத்தை நிமிர்த்துவதற்குப் பத்து நிமிடம் ஆனது. கறுப்புத் துணி, கூரையில் வெட்டித் தைத்த நீண்ட தழும்பு. அடித்துணி கிடையாது. ஐஸில் துளை போட வேண்டுமே, அதனால் அடி திறந்துதான் இருக்கும். ஒரு மடக்குக் கதிரையை உள்ளே வைத்தான். கத்தி, கயிறு, தேத்தண்ணிப் போத்தல் எல்லாம் வெளியே அந்தப் பையின்மேல் இருந்தன. கால் மணி நேரம் உள்ளே இருந்து பார்ப்பது, ஜாக்கெட் தாங்குகிறதா என்று அறிவது, பிறகு மடித்துக்கொண்டு போவது. அவ்வளவுதான் திட்டம். நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து ஸிப்பைக் கீழ்வரை இழுத்தான். அது நெய் பூசியதுபோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

முதல் ஐந்து நிமிடம் சந்தோசமாகவே போனது. கூரையோரத்து மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. எட்டு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். துணி குளிரில் மெல்ல மெல்ல விறைத்து, அங்கங்கே நெரிந்து, சுருக்கம் போய்ப் பலகை போல நிமிர்ந்துகொண்டிருந்தது. வெளியே ஆள் நடமாட்டம் இல்லாததால் அறை விளக்குகள் தம் வழக்கப்படி ஒவ்வொரு வரிசையாக அணைந்தன. அவன் நெற்றி விளக்கு மட்டும் மிஞ்சியது. காது நுனி கொஞ்சம் எரிந்தது. ஜாக்கெட் நல்ல ஜாக்கெட்தான்.

பிறகு விசிறிகள் நின்றன.

பனி உருக்குவதற்காக அவை தாமாகவே நிற்பது உண்டு, இருபது நிமிடத்தில் திரும்ப ஓடும். அவனே நாளுக்கு நாலு தடவை பார்ப்பதுதான். ஆனால் அந்தச் சத்தம் போனதும் அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது தெரிந்தது. முதலிலிருந்தே இருந்திருக்கிறது. தொட்டிக்குள் தண்ணீர் தளும்புகிற, கரை இல்லாத இடத்தில் தானே தன்னில் மோதுகிற, நிதானமான சத்தம். காலுக்குக் கீழிருந்து வந்தது.

போதும் என்று நினைத்தான். எழும்பி ஸிப்பைப் பிடித்தான்.

அசையவில்லை.

ஈரம் உறைந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, நனைந்த ஸிப் இந்தக் குளிரில் உறையாமல் என்ன செய்யும்? கையுறையைக் கழற்றி விரலால் சூடு கொடுத்தான். விரல் உலோகத்தில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது. ஊதிப் பார்த்தான். உதைத்துப் பார்த்தான். துணி துணியாக இல்லை, சுவராக இருந்தது. தோளால் மோதினான். நாலு பக்கமும் மோதினான். கூடாரத்தின் அடி விளிம்பு தரையோடு சேர்ந்து உறைந்திருந்தது. தழும்பைப் பிரிக்கலாமென்று நகத்தால் கீறினான். கத்தி வெளியே இரண்டடி தூரத்தில் இருந்தது. கைத்தொலைபேசியை எடுத்தான். அந்த அறையின் தடித்த சுவருக்குள் எந்தக் காலத்திலும் சிக்னல் வந்ததில்லை. மணி மட்டும் தெரிந்தது: மூன்று ஐம்பது. இரண்டரைக்கு உள்ளே வந்தவன். கால் மணி நேரம்கூட இருந்ததாக நினைவில்லை.

குளிரில் கைத்தொலைபேசி அணைந்தது.

அப்போதுதான் தரையைப் பார்த்தான். கதிரையின் முன்னால் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு கறுப்பு வட்டம். முதலில் எண்ணெய்க் கறை என்று நினைத்தான். சப்பாத்தால் தேய்த்தபோது சப்பாத்தின் நுனி நனைந்தது. குனிந்து விளக்கை அடித்தான். வெளிச்சம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பச்சையாக, பிறகு பழுப்பாக, பிறகு ஒன்றுமில்லாமல். வட்டத்தைச் சுற்றியிருந்தது கொங்கிரீட் அல்ல. கண்ணாடி போன்ற ஐஸ். அதற்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உறைந்து நின்றன. எத்தனை அடி ஆழமோ.

பாசி மணம் மூக்கை அடைத்தது.

இல்லை, என்றான். இது களஞ்சியம். கீழே மண். அதற்குக் கீழே கழிவுக் குழாய். இல்லை.

கீழிருந்து யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. அவசரமில்லாமல். வீட்டுக்கு வந்தவர் கதவைத் தட்டுவதுபோல, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்து தட்டும் தட்டு. அவன் இரண்டு காலையும் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டான். கதிரையின் கீழே தட்டியது. அவன் கத்தவில்லை. கத்தினால் தான் இருப்பது தெரிந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. தாயே, தாயே என்று வாய்க்குள் சொன்னான். விளக்கு வெளிச்சம் ஐஸுக்குள் இறங்கியபோது, வெளிறிய ஏதோ ஒன்று ஐஸின் அடியில் முதுகு ஒட்டிக் கிடப்பதைக் கண்டான். அது மெல்லப் புரண்டது. மீசை இருந்தது. கண் திறந்திருந்தது. படத்தில் பார்த்த முகம்.

அது அவனைப் பார்த்து, தெரிந்தவரைக் கண்டதுபோல் தலையாட்டியது.

தூரத்தில் பெரிய கதவு இழுபடும் சத்தம் கேட்டது.

விளக்கு வரிசை ஒன்று எரிந்தது. கறுப்புத் துணியின் தையல் ஓட்டைகளில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின.

"யுவன்? என்னப்பா, எத்தினை தரம் போன் எடுக்கிறது?"

திவ்யா.

அவனுக்கு முதலில் வந்தது சந்தோசம். வெட்கமில்லாத, அழுகை வருகிற சந்தோசம். கத்தி வெளியேதான் இருக்கிறது, அவள் வெட்டித் திறப்பாள், போய்விடலாம். வாயைத் திறந்தான். அப்போது கீழே கிடந்தது தலையைத் திருப்பியது. அவள் பக்கம்.

அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் கீழே தண்ணீர் தளும்பியது. வெளிறிய உடம்பு அவனை விட்டு நகர்ந்து, ஐஸின் அடியால் வழுக்கிக்கொண்டு, கூடாரச் சுவரைக் கடந்து அந்தச் சத்தத்தை நோக்கிப் போனது.

"வராதேயும்!" என்று கத்தினான். "திவ்யா, போம்! வெளியில போம்!"

"என்ன நடந்தது? எங்க நிக்கிறியள்?"

அவன் குரல் கேட்டதும் அவள் ஓடி வந்தாள். அந்த வயிற்றோடு ஓடி வந்தாள். அடுத்த விளக்கு வரிசை எரிந்தது. அடுத்தது. அவன் அலறினான். அலற அலற அவள் வேகமாக வந்தாள். பயந்த புருசன் அலறினால் எந்தப் பெண் திரும்பிப் போவாள்? எங்கோ ஐஸ் விரிசல் விட்டது. நீளமாக. அவள் பக்கத்தில்.

அவளிடம் அல்ல. என்னிடம் வா.

கதிரையிலிருந்து குதித்தான். சப்பாத்தால் ஐஸை ஓங்கி மிதித்தான். மூன்று தரம். "அங்கிள்!" என்றான். "இஞ்ச! நான் இஞ்ச நிக்கிறன்!"

தளும்பல் நின்றது.

திரும்பி வந்தது.

வட்டத்துக்குள் கறுப்புத் தண்ணீர் மேலெழுந்து விளிம்பைத் தொட்டது. அதிலிருந்து ஒரு கை வந்தது. வயதான கை, விரலில் மோதிரம், உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. பெரியவர் ஒருவர் தாழ்ந்த கதிரையிலிருந்து எழும்புவதற்கு இளையவனிடம் நீட்டும் கை. கேட்டபடி காத்திருந்தது.

செருப்புச் சத்தம் கூடாரத்தை நெருங்கியது.

அவன் கையைக் கொடுத்தான்.

குளிர் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பிடி இறுகியது. தோள் போனது. தலை போனது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் முழு மனிதன் எப்படிப் போவான் என்று யோசிப்பதற்குள் அவன் மறுபக்கம் இருந்தான்.

இருட்டு. பச்சை இருட்டு. மேலே ஐஸ். எங்கும் ஐஸ். வட்டத்தைத் தேடினான். இல்லை. மூச்சுக்குத் தவித்தான். தவிப்பு மட்டும் நீண்டுகொண்டே போனது, முடியவில்லை. தன் கையைப் பார்த்தான். வெளிறிப்போன வெறும் கை. ஜாக்கெட் இல்லை.

ஜாக்கெட் மேலே இருந்தது.

கண்ணாடிக்கு மேலே, கதிரையருகே, சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவன் எழும்பி நின்றான். யுவனேஷின் உயரம். யுவனேஷின் சப்பாத்து. யுவனேஷின் முகம். அவன் ஸிப்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். அது வழுக்கிக்கொண்டு திறந்தது.

திவ்யா கூடாரத்துக்குள் தலையை நீட்டினாள். வாய் அசைந்தது. ஏசுகிறாள், அழுகிறாள், மார்பில் அடிக்கிறாள். யுவனேஷ் ஐஸைக் குத்தினான். சத்தம் வரவில்லை. கத்தினான். வாய்க்குள் தண்ணீர்தான் வந்தது. அவன் முகத்துக்கு நேரே, அரையடி ஐஸுக்கு அந்தப் பக்கத்தில் அவளுடைய செருப்பின் அடி இருந்தது. குதிக்காலடியில் ஒட்டியிருந்த தார்கூடத் தெரிந்தது. அவள் ஒரு தடவை குனிந்து தரையைப் பார்த்தாள். அவனுடைய கண்ணுக்குள்ளேயே பார்த்தாள். வெறும் கொங்கிரீட்டைப் பார்க்கும் பார்வை அது.

இரண்டு பேரும் நடந்தார்கள். அவன் கீழே தொடர்ந்தான். உள்ளங்கையை அவள் பாதத்தோடு பொருத்திப் பொருத்தி, அடிக்கு அடி. பெரிய கதவு வரைக்கும். அங்கே ஐஸ் தடித்துப் பாலாகக் கலங்கியது. அதற்கு மேல் போக முடியவில்லை.

வாசலில் அவர்கள் நின்றார்கள். திறந்து கிடந்த முன்கதவு வழியே வெயில் அவர்கள்மேல் விழுந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ சொன்னாள். சிவப்பு ஜாக்கெட்டின் கை நீண்டு, அவள் வயிற்றின்மேல் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் படிந்தது. உள்ளே பிள்ளை உதைத்திருக்க வேண்டும். திவ்யா சிரித்து, அந்தக் கையை எடுக்க விடாமல் தன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.